கடற்படை மரபு சொல்லித்தரும் கிளப்பில் மகளோடு சேரலாமா?

புங்கோல்_அப்பா

வணக்கம். இங்கே படகு விடுகிறவர்கள், கடற்படையில் இருந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்று தெரியும், அதனால்தான் கேட்கிறேன்.

என் மகளுக்கு 14 வயது. பள்ளியில் தேசிய மாணவர் படையின் கடல் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் கயிறு என்று எது கிடந்தாலும் இப்போதெல்லாம் அதில் ஒரு போலைன் முடிச்சு விழுந்துவிடுகிறது. அவளுடைய தோழியின் அப்பா இங்கே சிங்கப்பூரின் வடகரைப் பக்கம் ஒரு கிளப்பில் உறுப்பினர். அது அரசாங்க அமைப்பு இல்லை, சீருடைப் படையும் இல்லை. ஓய்வு பெற்ற கடற்படைக்காரர்கள் சிலரும் படகில் ஆர்வமுள்ள பொதுமக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். சனிக்கிழமை காலையில் கொடி ஏற்றுவது, போசன் பைப் (கப்பலில் கட்டளை சொல்லும் விசில்) ஊதுவது, முடிச்சுப் போடுவது, துடுப்புப் படகு, அப்புறம் உயிர்காப்பு அங்கி, ரேடியோ, கடல் விதிகள் என்று படகுப் பாதுகாப்பு வகுப்பு. குடும்பமாகவே சேரலாம் என்று கூப்பிடுகிறார்கள்.

எனக்கு இரண்டு மனமாக இருக்கிறது. நான் தேசிய சேவையைக் குடிமைத் தற்காப்புப் படையில் செய்தவன், கடற்படையோடு எந்தத் தொடர்பும் கிடையாது. என்னைப் போன்ற ஆள் போய்க் கொடிக்கு முன்னால் விறைப்பாக நிற்பது முறையா? இன்னொன்று, நேரத்தில் பாதி சடங்குக்கே போய்விடும்போல் தெரிகிறது. எனக்கு வேண்டியது மகளும் நானும் தண்ணீரில் பத்திரமாக இருக்கக் கற்றுக்கொள்வது. அதற்குப் பேசாமல் இயந்திரப் படகு ஓட்டும் உரிமம் எடுத்துவிட்டுப் போகலாமே என்றும் தோன்றுகிறது.

இதற்கெல்லாம் மேல் என் அம்மா. நாகப்பட்டினத்துக்குப் பக்கம் பிறந்தவர். அவருடைய அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பேத்தி தண்ணீர்ப் பக்கம் போவதே அவருக்குப் பிடிக்காது. கிளப்பைப் பற்றி நான் சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கொடி ஏத்துனா கடல் அடங்கிடுமா?" என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

நங்கூரம்67

தம்பி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், நல்ல கேள்வி. கடலை அடக்கக் கொடியால் முடியாது. ஆனால் காலை 8 மணிக்குக் கொடி ஏற்றும் வழக்கம் இருக்கிற இடத்தில், 8 மணிக்கு எல்லாரும் துறையில் நின்று தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்திருப்பார்கள். கொடி எந்தப் பக்கம் பறக்கிறது, படபடவென்று அடிக்கிறதா தொங்குகிறதா, மேற்கே வானம் கறுத்திருக்கிறதா என்பதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் கண்ணில் விழும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ரா காற்று, அதாவது சுமத்ராப் பக்கமிருந்து திடீரென்று வரும் மழைக்காற்று, விடியலுக்கு முன்னாலோ காலையிலோதான் பெரும்பாலும் நம்மைத் தாக்கும், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம்வரை வீசும். அன்றைக்குச் சின்னப் படகை இறக்கலாமா வேண்டாமா என்ற பேச்சு கொடிக்கம்பத்தடியில்தான் தொடங்கும். நான் 20 வருடத்துக்கு மேல் கடற்படையில் இருந்தவன், பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று சொல்கிறேன். சுக்கான் பிடிப்பவரிடம் அதிகாரி "போர்ட் டென்" (இடப்பக்கம் பத்து பாகை) என்று சொன்னால், அவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிய பிறகு, சுக்கான் அந்த அளவுக்கு வந்ததும் வந்துவிட்டது என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டும். புதிதாகப் பார்ப்பவருக்கு இது கிளிப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். காற்றும் இயந்திரச் சத்தமும் சேர்ந்தால் இரண்டு மீட்டர் தள்ளி இருப்பவர் பேசுவதே காதில் விழாது. நீங்கள் இடது என்று சொல்லி, மகள் சரி என்று தலையாட்டி, அவள் புரிந்துகொண்டது வலது என்றால் என்ன ஆகும்? திருப்பிச் சொல்லியிருந்தால் அந்தத் தவறு வாயிலேயே பிடிபட்டிருக்கும். வணிகக் கப்பல்களிலும் இதே பழக்கம்தான். நாலு பேர் உட்காரும் படகில் இதைக் கடைப்பிடிக்கக் கூடாது என்று ஒன்றும் இல்லை.

மணியும் அப்படித்தான். கப்பல் மணி அரைமணிக்கு ஒரு தடவை நேரம் சொல்ல அடித்தது, அது பழைய கதை. ஆனால் பார்வை மறைக்கும் மழையிலோ மூட்டத்திலோ நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல், ஒரு நிமிடத்துக்கு மிகாமல் இடைவெளி விட்டு, ஐந்து விநாடி விடாமல் மணி அடிக்க வேண்டும் என்பது இன்றைக்கும் நடப்பில் இருக்கிற அனைத்துலகக் கடல் விதி. பளபளவென்று பித்தளையைத் துடைத்து வைப்பது அழகுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பொதுமக்கள் இதைச் செய்யலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த ஊர்க் கடற்படையின் வேரே தொண்டூழியர்கள்தான். 1934 ஏப்ரலில் இங்கே தொடங்கிய கடற்படைப் பிரிவு தொண்டூழியப் படை. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள். 1967 மே 5 அன்று பங்ளிமா கப்பலில் நம் கடற்படைக் கொடி முதன்முதலாக ஏறியபோதுகூட அது தொண்டூழியப் படையாகத்தான் இருந்தது. சிங்கப்பூர்க் குடியரசுக் கடற்படை என்ற பெயர் 1975இல்தான் வந்தது. ஆகவே குடிமைத் தற்காப்பில் இருந்தவர் கொடிக்கு முன்னால் நிற்பதில் முறைகேடு எதுவும் இல்லை, தம்பி. தாராளமாக நில்லுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளைத் துணியில் மூலையில் தேசியக் கொடியும் எட்டு முனைச் சிவப்பு நட்சத்திரமும் உள்ள கொடி கடற்படைக் கப்பல்களுக்கு உரியது. நம் வணிகக் கப்பல்களுக்குச் சிவப்புக் கொடி, வெள்ளை வளையத்துக்குள் பிறையும் ஐந்து நட்சத்திரமும் இருக்கும். கிளப் தன் உல்லாசப் படகில் எந்தக் கொடி பறக்கவிடுகிறது என்று போய்ப் பாருங்கள். அங்கேயே தெரிந்துவிடும், மரபை அறிந்து செய்கிறார்களா, சும்மா அணிந்துகொண்டிருக்கிறார்களா என்று.

ஈஸ்ட்கோஸ்ட்_காற்று

அண்ணன் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் நான் பட்டதையும் சொல்லியாக வேண்டும். இதே மாதிரி ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒன்றரை வருடம் இருந்தேன். அணிவகுப்பு பிரமாதம், பைப் ஊதுவது பிரமாதம், வருடாந்திர விருந்து அதைவிடப் பிரமாதம். ஒரு நாள் உயிர்காப்பு அங்கிகள் வைத்திருந்த பெட்டியைத் திறந்தேன். கையில் எடுத்த முதல் அங்கியின் வாரைக் கொக்கியோடு சேர்த்து இழுத்தேன், தையல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. காற்று நிரப்பும் வகை அங்கி நாலு இருந்தது. அதில் இரண்டில் வாயுக் குப்பியைத் தொட்டால் சுழல்கிறது, யாரும் இறுக்கவே இல்லை. அதைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை தண்ணீரில் விழுந்திருந்தால்? பொறுப்பாளரிடம் சொன்னேன், அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார். அன்றோடு நின்றுவிட்டேன். இன்னும் நினைத்தால் வயிறு எரிகிறது.

அதனால் என் கருத்து, முதலில் உரிமத்தை எடுங்கள். 24 மீட்டருக்குக் குறைந்த இயந்திர உல்லாசப் படகுகளுக்கான கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் அது. 16 வயது ஆகியிருக்க வேண்டும், ஆகவே மகளுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, நீங்கள் இப்போதே எழுதலாம். கண் பரிசோதனை உண்டு, நிறம் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும், ஏனென்றால் இரவில் எதிரே தெரியும் விளக்கு சிவப்பா பச்சையா என்பதை வைத்துத்தான் அந்தக் கப்பலின் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்று தெரியும்.

நம் கடல் பிள்ளைகள் விளையாடும் குளம் இல்லை. உலகத்திலேயே நெரிசலான கடல் வழிகளில் ஒன்று நம் வாசலில் ஓடுகிறது. கொள்கலன் கப்பல் ஒன்று நம்மைப் பார்த்துவிட்டாலும் உடனே நிற்க அதனால் முடியாது. நமக்குத்தான் திரும்ப இடம் இருக்கிறது, அதற்கு இல்லை. குறுகிய கால்வாயில் 20 மீட்டருக்குக் குறைந்த படகும் பாய்மரப் படகும் பெரிய கப்பலுக்குக் குறுக்கே போகக் கூடாது என்று விதியே இருக்கிறது. பெரிய கப்பல் ஐந்து தடவை குட்டையாக ஊதினால் என்ன பொருள் என்று உங்கள் கிளப்பில் யாரையாவது கேளுங்கள். "நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குப் புரியவில்லை" என்பதுதான் அதற்குப் பொருள். அந்தச் சத்தம் நமக்காக வருகிறது என்று தெரியாமல் கையசைத்துக்கொண்டே போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நங்கூரம்67

ஈஸ்ட்கோஸ்ட் தம்பி, நீங்கள் அந்த இடத்தை விட்டு வந்தது சரி. அங்கியைப் பார்க்காமல் பைப் ஊதுவது மரபே இல்லை. கப்பலில் ஒரு பொருளைப் பொறுப்பேற்றால் அதைத் தொட்டுப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும், அதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் மரபு.

லாசரஸ்_ஞாயிறு

புங்கோல் அண்ணா, எனக்கு உரிமம் இருக்கிறது. ஆறு வருடமாக இருக்கிறது. அது இருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

தெரிந்தவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த படகு. மதியம் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கும் குசு தீவுக்கும் இடையே வரும்போது இயந்திரம் ஒரு இருமல் இருமி நின்றது. விசிறியில் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டிருந்தது. அலையே இல்லை, வெயில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, யாருக்கும் பயமில்லை. ஆனால் நீரோட்டம் இழுக்கிறது. தீவின் மரங்கள் மெல்ல நகர்வதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் போய்க்கொண்டிருக்கிறோம் என்றே உறைத்தது. பெரிய கப்பல் போகும் பக்கம்.

நங்கூரம் போடு என்றேன். ஒரு தம்பி தூக்கிப் போட்டார். கயிறு சரசரவென்று ஓடுகிறது, ஓடுகிறது, நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே நிற்கிறோம், கடைசியில் ஒரு வெள்ளை நுனி பலகையில் ஒரு துள்ளுத் துள்ளித் தண்ணீருக்குள் போய்விட்டது. கயிற்றின் கடைசி முனையைப் படகில் யாருமே கட்டவில்லை. வாடகைக்கு விட்டவர் கட்டவில்லை, நான் பார்க்கவில்லை. படகு என் பொறுப்பில் இருந்தது, பார்த்திருக்க வேண்டியது நான்தான். கைப்பேசியை எடுத்தால் அது இந்தோனேசிய நெட்வொர்க்குக்குத் தாவியிருந்தது, அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு இது தெரியும். நல்லவேளை, ரேடியோ வேலை செய்தது. அவசரத்துக்குக் கூப்பிடும் சேனல் 16இல் கூப்பிட்டேன், பக்கத்தில் இருந்த படகு ஒன்று வந்து இழுத்துக்கொண்டு போனது.

அதற்குப் பிறகுதான் இப்படி ஒரு கிளப்பில் சேர்ந்தேன். முதல் வாரமே எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் எங்களை நங்கூரப் பெட்டியின் முன்னால் நிறுத்தினார். ஒவ்வொருவராகக் குனிந்து, கையை உள்ளே விட்டு, அடியில் கயிறு வளையத்தோடு கட்டியிருப்பதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து நின்று, "கடைசி முனை கட்டியிருக்கிறது" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு தடவை. என் முறை வந்தபோது எனக்குக் குரல் வரவில்லை. அந்த வெள்ளை நுனிதான் கண்ணுக்குள் நின்றது.

தேர்வில் நங்கூரத்தைப் பற்றிக் கேள்வி வந்தது, ஆழத்தைப்போல ஐந்து ஏழு மடங்கு கயிறு விட வேண்டும் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஒவ்வொரு தடவையும், யாரும் கேட்காதபோதும், குனிந்து தொட்டுப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை. அதை ஒரே ஆளாக உட்கார்ந்து வளர்த்துக்கொள்ள முடியுமா என்றால், என்னால் முடியவில்லை. பத்துப் பேர் சேர்ந்து செய்யும் இடத்தில்தான் அது எனக்கு ஒட்டியது.

அதனால் உரிமமா கிளப்பா என்று பிரிக்காதீர்கள். இரண்டும் வேண்டும். போய்ப் பார்க்கும்போது ஒவ்வொரு சடங்குக்கும் "இது ஏன்?" என்று கேளுங்கள். காரணம் சொன்னால் இருங்கள். "எப்போதும் இப்படித்தான்" என்றால் வந்துவிடுங்கள். இன்னும் ஒன்று, இயந்திரப் படகில் மகளை உட்காரவைத்தால் ஓட்டுகிறவர் காலிலோ கையிலோ அந்தச் சிவப்புச் சுருள் கயிறு மாட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். அவர் தவறி விழுந்தால் இயந்திரத்தை நிறுத்துவது அதுதான். மாட்டாமல் கிளம்புகிறவரோடு அவளை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

செம்பவாங்_வாசி

லாசரஸ் தங்கச்சி எழுதியதைப் படித்ததும் எங்கள் அப்பா ஞாபகம். செம்பவாங்கில் பிரிட்டிஷ்காரன் கட்டிய கடற்படைத் தளத்தில் கயிறு, கம்பி வேலை பார்த்தவர். 1938இல் திறந்த பெரிய வறண்ட துறை (கப்பலை உள்ளே விட்டுத் தண்ணீரை வடித்துப் பழுதுபார்க்கும் இடம்) அங்கேதான் இருந்தது, தமிழரும் மலையாளிகளும் ஏராளமாக வேலை செய்தார்கள். இன்று ஈசூனில் இருக்கிற புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம்கூட அந்தத் தளத்து ஆட்கள் கும்பிட்டு வளர்த்த கோயில்தான், பங்குனி உத்திரத்துக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். 1971இல் பிரிட்டிஷ் படை போன பிறகும் அப்பா கப்பல் பட்டறையிலேயே இருந்தார்.

அவர் கயிறு பின்னுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூன்று புரியையும் பிரித்து, ஒவ்வொன்றையும் கயிற்றின் உடம்புக்குள் நுழைத்து இழுத்து, கடைசியில் உள்ளங்காலால் தரையில் வைத்து உருட்டுவார். பிறகு என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபக்கத்தில் அவர் முழு எடையையும் போட்டுச் சாய்வார். விட்டுப்போனால் இங்கேயே விட்டுப்போகட்டும் என்பார். வேறு எந்த அறிவுரையும் அவர் எனக்குக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

புங்கோல் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மா நாகப்பட்டினம் பக்கம் என்றால் அணியம், அமரம், நீவாடு என்ற சொற்கள் அவருக்குத் தெரிந்திருக்கும். படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம், நீரோட்டம் நீவாடு. மகள் கடல் பிரிவில் ஆங்கிலத்தில் கற்பதற்கெல்லாம் அப்பத்தாவிடம் தமிழ்ச் சொல் இருக்கும். கட்டுமரத்தைத்தானே ஆங்கிலக்காரன் கேட்டமரன் என்று எடுத்துக்கொண்டு போனான். அம்மாவையும் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதைவிட வந்து பார்ப்பது அவருக்கு நல்லது.

புங்கோல்_அப்பா

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், இடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும் அல்லவா.

போன சனிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். ஈஸ்ட்கோஸ்ட் சொன்ன மாதிரி முதல் வேலையாக அங்கிப் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். ஒவ்வொரு அங்கியிலும் கடைசியாகச் சோதித்த தேதி எழுதிய சீட்டு இருந்தது, குப்பி எல்லாம் இறுகியிருந்தது. படகின் பின்னால் இருந்தது சிவப்புக் கொடிதான் அண்ணே, வளையத்துக்குள் பிறை. ஐந்து ஊதலுக்கு என்ன பொருள் என்று கேட்டேன், என்னிடம் பேசிக்கொண்டிருந்தவர் வாயைத் திறக்குமுன் பக்கத்தில் நின்ற பத்து வயதுப் பையன் சொல்லிவிட்டான்.

அம்மா எதையும் கேட்கவில்லை. நிழலில் உட்கார்ந்து துறை ஓரத்தில் மாட்டியிருந்த ஒரு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புப் பலகை, இரண்டு வரிசைக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் எண் போட்ட வட்டப் பித்தளைத் தகடு. தண்ணீருக்குப் போகிறவர் தன் தகட்டை மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசைக்கு மாற்றிவிட்டுத்தான் படகில் கால் வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் அவரே தன் கையால் மேலே மாட்ட வேண்டும், பக்கத்தில் நிற்பவர்கூட மாட்டக் கூடாது. கீழே ஒரு தகடு மிச்சம் இருக்கிறவரை பொறுப்பாளர் துறையை விட்டு நகரமாட்டார். பெரியவர் ஒருவர் இதை அம்மாவுக்குத் தமிழிலேயே விளக்கினார்.

அன்றைக்கு மகளைச் சேர்த்து ஒன்பது பேர் துடுப்புப் படகில் போனார்கள். அம்மா எழுந்து போய் கீழ் வரிசையை விரலால் எண்ணினார், ஒன்பது. முக்கால் மணி நேரம் அந்தப் பலகையடியிலேயே நின்றார், நாற்காலி போட்டும் உட்காரவில்லை. அவர்கள் திரும்பி ஒவ்வொரு தகடாக மேலே ஏறியபோது மறுபடி எண்ணினார். மகளுடையது ஏழாவதாக ஏறியது, ஆனாலும் மிச்சம் இரண்டும் ஏறுகிறவரை நகரவில்லை. காரில் வரும்போது, "எங்க ஊருல இப்படி ஒரு பலகை இருந்திருந்தா அண்ணன் வரலைன்னு பொழுது சாயுறதுக்குள்ளயே தெரிஞ்சிருக்கும், மறுநாள் மதியம்தான் தேடப் போனாங்க" என்றார். இத்தனை வருடத்தில் மாமாவைப் பற்றி அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

சேர்ந்துவிட்டோம், நானும் மகளும். உரிமத்துக்கான வகுப்பிலும் பெயர் கொடுத்திருக்கிறேன். எனக்குச் சுமாராகத்தான் நீந்த வரும், 50 மீட்டருக்குள் மூச்சு வாங்குகிறது. செங்காங் நீச்சல் குளத்தில் வேலை முடிந்து மாலையில் பெரியவர்களுக்குச் சொல்லித்தருகிற ஆள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.